215-லிருந்து 235-க்கு: தேரிக்கும் கரிசலுக்கும் போகிற ஒரு கேம்பர் வேனின் டயர் கணக்கு

பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் தன் பழைய ஃபோர் வீல் டிரைவ் வேனைக் கொஞ்சம் கொஞ்சமாக வீடாக மாற்றியிருந்தார். பின்னால் கட்டில், அதற்கு அடியில் இரண்டு பேட்டரி, இடப்பக்கச் சுவரை ஒட்டி 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதே பக்கம் அடுப்பும் அலமாரியும், கூரையில் சோலார் தகடு. அவருக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலை. ராதாபுரம், பணகுடி, காவல்கிணறு என்று வாரமெல்லாம் அலைச்சல். லீவு கிடைத்தால் மனைவியோடு வேனைக் கிளப்பிவிடுவார். உவரிக் கடற்கரை, உடன்குடிப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டில் சொந்தக்காரர் ஒருவரின் பனைவிளை, கயத்தாறுக்கு அந்தப் பக்கம் நண்பரின் கரிசல்காடு. இவைதான் வழக்கமாகத் தங்குகிற இடங்கள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “அண்ணாச்சி, 31 இஞ்ச் டயர் போடணும். ரிம்மு கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கணும். தேரிக்குள்ள போனா புதையுது.”

நான் பார்ப்பது சஸ்பென்ஷனும் அலைன்மெண்டும். டயர் விற்பதில்லை. அதனால் எந்த டயர் போட்டாலும் எனக்கு ஒன்றுதான். சரி, டயரைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் வண்டியை எடை போட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

எடை மேடையில் தெரிந்தது

நெல்லையைச் சுற்றி எடை மேடைக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலை, கல்குவாரி, தாழையூத்து சிமெண்ட் லாரிகள் என்று எல்லோருக்கும் அது வேண்டும். பெரும்பாலும் மொத்த எடைக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். டயர் தேர்வுக்கு அது மட்டும் போதாது. தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக, அப்புறம் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு தடவை என்று நிறுக்க வேண்டும். மேடைக்குப் பக்கத்துத் தரை மட்டமாக இருந்தால் கடைசி எடை ஓரளவு சரியாக வரும்.

வண்டி மொத்தம் சுமார் 2,420 கிலோ. முன் அச்சில் 1,020, பின் அச்சில் 1,400. இடப்பக்கம் மட்டும் 1,290, வலப்பக்கம் 1,130. ஏற்றிய சாமான் எல்லாம் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆக இடது பின் சக்கரம் ஒன்றே 750 கிலோவைத் தாண்டிச் சுமக்கிறது என்று கணக்கு காட்டியது.

வண்டியில் இருந்த டயர் 215/75 ஆர்15 (அகலம் 215 மி.மீ., சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 இஞ்ச்), பக்கச் சுவரில் 97எஸ். 97 என்கிற சுமை எண்ணுக்கு ஒரு டயர் தாங்கும் எடை 730 கிலோ. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரைக்கும் ஆகும், அந்த வேகம் இந்த வண்டிக்குக் கனவிலும் வராது. அதாவது சமமான தார் ரோட்டில் சும்மா நிற்கும்போதே இடது பின் டயர் தன் எல்லையைத் தாண்டித்தான் நின்றது. குளத்துக் கரையில் இடப்பக்கமாகச் சாய்ந்து போனால் அதன் மேல் இன்னும் நூறு, நூற்றைம்பது கிலோ ஏறும். அந்த ஒரு டயரின் ஓரப் பட்டன்கள் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) மட்டும் ஏன் மொட்டையாகியிருந்தன என்பது எடைச் சீட்டைப் பார்த்ததும் விளங்கியது. அதுவரை அவர் அலைன்மெண்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக டயர் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்குக் காரணம் உயரம் இல்லை, சுமை. தேர்வே வேறு பக்கம் திரும்பியது இந்த இடத்தில்தான்.

தேரியில் காற்றை இறக்கிப் பார்த்தது

தேரியைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. திசையன்விளை, குட்டம் பக்கத்திலிருந்து சாத்தான்குளம், உடன்குடி, காயாமொழி வரைக்கும் ஆங்காங்கே கிடக்கிற சிவப்பு மணல் மேடுதான் தேரி. கடற்கரை மணல் மாதிரி ஈரம் பிடித்து இறுகாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அதைக் கிளப்பி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். பனையும் கொல்லாமரமும் உடைமரமும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. குதிரைமொழித் தேரி வனத்துறைக்குச் சொந்தமான காப்புக்காடு, அங்கே நினைத்தபடி வண்டி விட முடியாது. நாங்கள் போனது அவருடைய சொந்தக்காரர் விளைக்கு.

பழைய டயரோடுதான் போனோம். வேண்டுமென்றே காற்று 35 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு உள்ளே விட்டோம். பத்து வண்டி நீளம்கூடப் போயிருக்காது, பின் அச்சு மணலைத் தொட்டுவிட்டது. இறங்கி நான்கு டயரிலும் 18 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கினோம். சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் மணலை அள்ளித் தள்ளிவிட்டு, லோ கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் கிளட்சை விட்டதும் வண்டி தானாக நகர்ந்து வெளியே வந்துவிட்டது. கூட வந்திருந்த அவர் மனைவி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “காத்தைக் கொறச்சாப் போதும்னா இம்புட்டு நாளும் மம்பட்டிய எதுக்குச் சுமந்துக்கிட்டு அலைஞ்சோம்?” என்று கேட்டார். அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர் வாயைத் திறக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பி இதை அளந்தும் பார்த்தோம். பின் டயரை ஜாக்கியில் தூக்கி, பட்டனில் கறுப்பு மை தடவி, அடியில் அட்டையை வைத்து இறக்கினோம். 35-இல் அட்டையில் பதிந்த தடம் நீளவாக்கில் ஒரு சாணுக்கும் குறைவு, சுமார் 17 செ.மீ. 18-இல் அதே டயரின் தடம் 26 செ.மீ. வரை நீண்டது. அகலத்தில் பெரிய மாற்றமில்லை. காற்றை இறக்கினால் டயர் பக்கவாட்டில் பரந்து நிற்கும், அதனால்தான் மணலில் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நீளும் தடம்தான் வேலை செய்கிறது. டிராக்டரின் பின் சக்கரம் சேற்றில் போவதும் இதனால்தான்.

பெரிய டயர் கேட்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. டயர் தரையை அழுத்தும் அழுத்தம் கிட்டத்தட்ட உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தின் அளவுதான். பக்கச் சுவரின் விறைப்பு அதைச் சற்று மாற்றும், அவ்வளவே. 35 பிஎஸ்ஐ வைத்த இந்தப் பழைய 28 இஞ்ச் டயரும் 35 பிஎஸ்ஐ வைத்த 31 இஞ்ச் டயரும் அதே எடையைத் தாங்கினால் மணலை ஏறக்குறைய ஒரே அளவுதான் அழுத்தும். பெரிய டயரின் பலன் என்ன என்றால், சுவர் உயரமாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கலாம், ரிம் தரையில் இடிக்காது. காற்றை இறக்கப் பழகாதவருக்கு 31 போட்டுக் கொடுத்தாலும் அவர் தேரியில் புதையத்தான் செய்வார், கொஞ்சம் செலவு செய்து புதைவார்.

இதற்கும் எல்லை உண்டு. சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே போனால், வளைக்கும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். குறைந்த காற்றில் இருபது, இருபத்தைந்து கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. தார் ரோடு ஏறுவதற்கு முன் திரும்பக் காற்றடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும். ஆகவே இந்தச் செலவுப் பட்டியலில் முதலில் எழுதியது பேட்டரியில் ஓடும் நல்ல கம்ப்ரசர் ஒன்றும் நம்பகமான காற்றுமானி ஒன்றும்தான்.

அளவுகளை ஒப்பிட்டபோது

215/75 ஆர்15 டயரின் உயரம் 703 மி.மீ.க்குச் சற்று மேல். 235/75 ஆர்15 என்றால் 733. 16 இஞ்ச் ரிம் போட்டு 245/75 ஆர்16 என்றால் 774. அவர் கேட்ட 31 இஞ்ச், அதாவது 31க்கு 10.5 ஆர்15 (உயரம் 31 இஞ்ச், அகலம் 10.5 இஞ்ச்), சுமார் 787.

உயரம் 30 மி.மீ. கூடினால் அச்சு அதில் பாதிதான் உயரும், 15 மி.மீ. முப்பத்தொன்றில் 42 மி.மீ. கிடைக்கும், அது கணிசம்தான், மறுக்கவில்லை. வண்டியைத் தாங்கும் கமான் பட்டைக்கு அடியில் கட்டை வைத்து வண்டியைத் தூக்குகிறார்களே, அதில் உடல்தான் உயரும். அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். பொத்தையடிப் பாதையில் கல்லில் இடிப்பது அந்தக் குண்டுதான். அதை உயர்த்த டயரால் மட்டும்தான் முடியும். பெரிய டயருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் இது.

ஆனால் அந்த 42 மி.மீ.க்கு விலை இருக்கிறது. சக்கரம் 12 சதவீதம் உயர்ந்தால் எல்லா கியரும் அதே அளவு நீண்டுவிட்ட மாதிரி ஆகும். இஞ்சின் அதே முறுக்கைக் கொடுத்தாலும் தரையில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய 11 சதவீதம் குறையும். ஏற்கனவே இரண்டரை டன்னை நெருங்கிய வண்டி மாஞ்சோலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போவது முதல் கியருக்கு இறங்கிவிடும். இறக்கம் இதைவிட மோசம். பிரேக் அதே பிரேக், ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் பெரியது. மிதி அழுத்தம் அதே அளவு கூட வேண்டும். வீட்டைச் சுமந்துகொண்டு மணிமுத்தாறுக்கு இறங்குகிறவர் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

வேகமானி கதை கொஞ்சம் வேடிக்கை. உற்பத்தியாளர்கள் அதை உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே வைப்பார்கள். இந்த வண்டியில் பழைய டயரோடு நாலுவழிச் சாலையில் முள் 80 காட்டும்போது ஜிபிஎஸ் 76 காட்டியது. 235 போட்டால் 79 வரும், முள்ளும் உண்மையும் ஒட்டிவிடும். 31 போட்டால் 85. முள்ளை நம்பி ஓட்டுகிறவர் தெரியாமலே வேகம் போவார். ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும், அப்புறம் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்பல் வரும். அதில் பாதி கணக்குப் பிழையாகத்தான் இருக்கும்.

களிமண் உருண்டை

கணக்கில் பொருந்துவது வண்டியில் பொருந்துமா என்பது வேறு கேள்வி. கடையில் டயரை மாட்டி, நேராக நிறுத்தி, சுற்றிலும் விரல் போகிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள். நேராக நிற்கும் வண்டியில் எந்த டயரும் இடிக்காது.

எங்கள் வழி இது. காருகுறிச்சியில் பானை வனைகிற மண்ணைக் கொஞ்சம் வாங்கிப் பிசைந்து எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாக்கினோம். மட்கார்டின் உள்பக்கம், பம்பர் ஓரம், கமான் பட்டைக்குப் பக்கத்தில், பிரேக் ஓஸ் போகிற இடத்தில் என்று சந்தேகப்பட்ட எல்லா இடத்திலும் ஒட்டினோம். பழைய ரயில் கட்டைகளை அடுக்கி, முன் இடது சக்கரத்தை அதன் மேல் ஏற்றி, பட்டை முழுக்க நசுங்கும்வரை விட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்தோம். அப்புறம் வலது சக்கரம். அப்புறம் பின் சக்கரங்கள். வண்டியை இறக்கி, உருண்டைகளைக் கத்தியால் குறுக்கே வெட்டி, நசுங்கி மிச்சமிருந்த கனத்தை அளந்தோம்.

235-இல் மிகக் குறுகிய இடம் மட்கார்டின் பின்மூலை, 12 மி.மீ. கமான் பட்டைப் பக்கம் 14. போதும், ஆனால் தாராளம் இல்லை. 31-க்கு, பட்டறையில் நின்ற இன்னொரு ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்தோம். ஐந்து போல்ட், 139.7 மி.மீ. வட்டம் என்பது ஜீப் காலத்திலிருந்து வருகிற அளவு, அதனால் அப்படியே உட்கார்ந்தது. ஸ்டீயரிங் முக்கால் ஒடிப்பிலேயே மண் அப்பளமாகிவிட்டது, மட்கார்டு மடிப்பில் ரப்பர் உரசிய கறுப்புக் கோடு விழுந்தது. உடன் வந்திருந்த டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “போடலாம் தம்பி, யாரு வேண்டாம்னா? ஒடிச்சா இடிக்கும்லா. தகட்டை வெட்டணும், பட்டைய ஏத்தணும், அப்புறம் ஷாஃப்ட் கோணம் மாறும். ஒண்ணைத் தொட்டா ஒம்பதைத் தொடணும்” என்றார். விற்க வேண்டியவரே இப்படிச் சொன்னதும் வேன்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

கரிசல்

கரிசலுக்குத்தான் பெரிய பட்டன் வைத்த எம்டி (மட் டெரெய்ன், சேற்றுக்கான) டயர் வேண்டும் என்பது அவருடைய அடுத்த வாதம். கரிசல் மண்ணின் குணம் தெரிந்தவர்களுக்கு அதில் நம்பிக்கை வராது. தண்ணீர் பட்டால் உப்பிப் பசை மாதிரி ஆகிற மண் அது. செம்மண் சேறு என்றால் வேகமாகச் சுற்றும் டயர் பட்டனுக்கு இடையிலிருந்து உதறித் தள்ளிவிடும். கரிசல் உதறாது, அடுக்கடுக்காக ஏறும். கொஞ்ச தூரத்தில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்கிற இடம் முழுக்க அடைத்து, சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டே போகும். அங்கே காப்பாற்றுவது அந்த இடைவெளிதான். டயர் பெரிதாக ஆக இடைவெளி குறையும், அடைப்பு சீக்கிரம் வரும். ஐப்பசி மழையில் கயத்தாறுக் காட்டுக்குள் வண்டியை விடாதீர்கள், ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து போங்கள் என்றுதான் சொன்னேன். நண்பர் வீட்டு டிராக்டரே அந்த நாட்களில் நிழலில் நிற்கும்.

அதனால் ஏடி (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்குமான) டயர். நாலுவழிச் சாலையில் இரைச்சல் தாங்கும்படி இருக்கும், சரளில் பிடிக்கும், மணலைத் தோண்டாது. எம்டியின் முரட்டுப் பட்டன் தேரியில் மண்வெட்டி வேலை செய்து வண்டியை இறக்கிவிடும்.

ஏடியிலும் எல்டி என்று போட்ட லாரி வகைதான் எடுத்தோம், 235/75 ஆர்15, சுமை எண் 104. ஒற்றைச் சக்கரமாக 900 கிலோ. இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தப்பிவிடும். அந்த 900 கிலோ சுவரில் எழுதிய உச்சக் காற்றில், 50 பிஎஸ்ஐயில்தான். பழைய பழக்கத்தில் 35 வைத்துக்கொண்டு ஓடினால் வாங்கிய தாங்குதிறனில் கால் பங்கை விட்டுவிட்டு ஓடுகிற மாதிரி. ஆகவே இந்த வண்டிக்குத் தார் ரோட்டில் முன்னால் 36, பின்னால் 45 என்று வைத்தோம். தண்ணீர்த் தொட்டியையும் வலப்பக்கம் மாற்றச் சொன்னேன். கட்டிலை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது, அதற்கு ஆசாரிதான் என்னைத் திட்டினார்.

சுவர் மூன்று அடுக்கு உள்ளதா என்று கேட்டு வாங்கியது உடைமுள்ளுக்காக. வெள்ளையாய், விரல் நீளத்தில், ஆணி மாதிரி இருக்கும் அது. பட்டனில் குத்தினால் பஞ்சர் கடையில் திரி வைத்து அடைக்கலாம். பக்கச் சுவரில் குத்தினால் அடைக்கக் கூடாது. காற்றைக் குறைக்கும்போது சுவர்தான் வெளியே பிதுங்கி முள்ளுக்கு முகம் காட்டும். தடித்த சுவர் அதற்குக் கொஞ்சம் உதவும். முழுக் காப்பு எதுவும் இல்லை, முள் கிடக்கிற வழியில் ஒருவர் இறங்கி முன்னால் நடப்பது தவிர.

ரிம்மைத் தொடவில்லை

இருந்த 6 இஞ்ச் அகல இரும்பு ரிம்மே 235-க்குப் போதும், அந்த அளவுக்கு அனுமதித்த ரிம் அகலம் 6-லிருந்து 8 இஞ்ச் வரை. 31க்கு 10.5 என்றால் குறைந்தது 7 வேண்டும், அதாவது ஐந்து புது ரிம். வெளியே தள்ளி நிற்கும் ரிம் பார்க்க எடுப்பாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் சக்கரத்தின் மையம் வெளியே போகப் போக பேரிங்கின் மேல் நெம்புகோல் மாதிரி சுமை ஏறும், ஒரு பக்கம் குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் பின்னால் வருகிறவர் கண்ணாடியில் கல்லை அடிக்கும். ஸ்பேசர் வைத்துத் தள்ளுவது இதே கெடுதலைக் குறைந்த செலவில் செய்வது.

அலாய் வேண்டாம் என்றதற்கு வேறு காரணம். இரும்பு ரிம் கல்லில் அடித்தால் நெளியும். திசையன்விளையிலோ நாங்குநேரியிலோ ஒரு சுத்தியலும் கட்டையும் இருந்தால் நிமிர்த்திக் காற்றடித்து வீடு வந்து சேரலாம். அலாய் வெடித்தால் அங்கேயே முடிந்தது.

சட்டப் பக்கமும் பார்த்தோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்று விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. இந்த வண்டியின் கையேட்டிலேயே 235/75 ஆர்15 மாற்று அளவாக அச்சிட்டிருந்ததால் பேச்சே இல்லை. 31-க்கு மட்கார்டை வெட்டி, பட்டையை ஏற்றிவிட்டு, நாளைக்கு ஒரு விபத்து என்றால் காப்பீட்டுக்காரரிடம் என்ன சொல்வது?

மாட்டிய பிறகு

ஐந்து டயரும் ஒரே நாளில், ஒரே ரகத்தில் வாங்கினோம். சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஐந்திலும் அதைப் பார்த்தே எடுத்தோம். ஃபோர் வீல் டிரைவில் ஒரு சக்கரம் மட்டும் உயரம் மாறினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறும். ஆகவே ஸ்டெப்னி பழைய அளவில் தொங்கக் கூடாது. புது ஸ்டெப்னி அடித்தட்டுக் கூண்டில் உரசிக்கொண்டு நின்றது, சங்கிலியின் கொக்கியைச் சற்று இறக்கி வெல்டு வைக்க வேண்டியிருந்தது. முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு நட்டுகளைத் திரும்ப இறுக்கினோம், முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் டோ அளவைத் திருத்தினோம்.

ஆடிக்காற்று நேரத்தில் உடன்குடி விளைக்குப் போய்வந்தார்கள், 18-இல் சிரமமில்லை. தொட்டி இடம் மாறியபின் இடது பின் டயரின் ஓரத் தேய்மானம் நின்றுவிட்டது. குறை இல்லாமல் இல்லை. காலியாக ஓடும்போது பின்பக்கம் 45-இல் குதிக்கிறது என்கிறார். சாமான் இறக்கிய நாட்களில் 36-க்குக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். எழுபதுக்கு மேல் ஒரு முனகல் சத்தம் வருகிறது, ஏடி பட்டனோடு அது வரும். கம்ப்ரசர் நான்கு டயரையும் நிரப்ப நேரம் பிடிக்கிறது. அதற்குள் தேநீர் போட்டுவிடலாம் என்று அவர் மனைவி சொல்கிறார். ஐந்து டயரையும் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியோடு சேர்த்து இடம் மாற்றும் வரிசையை எழுதி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த முறை வரும்போது திரும்ப எடை மேடைக்குப் போய்விட்டு வர வேண்டும். கூரையில் இரண்டாவது சோலார் தகடு ஏறியிருப்பதாகக் கேள்வி.